பம்முகிறவள்

தேநீர் டம்ளரை மெஷின்காரரின் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்துவிட்டு அவள் நிமிர்வதற்குள், அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. டம்ளர் கவிழ்ந்து, மடியில் விரித்திருந்த செய்தித்தாள் முழுக்கத் தேநீர். வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்த கீழ்வீட்டு அம்மா "அடடா" என்று ஓர் எட்டு உள்ளே வந்தாள்.

"எதுக்கு இப்படிப் பம்மிப் பம்மி வர்றே?" என்று அவர் கத்தினார். "இப்ப இங்க யாரு தூங்கறா? சொந்த வீட்டுக்குள்ள என்ன திருட்டு நடை?"

"அது வாஸ்தவந்தான்," என்றாள் கீழ்வீட்டு அம்மா, சமாதானம் பண்ணுகிற சாக்கில். "இவ மாடிப்படி ஏறி வர்றதே தெரியாது. திரும்பிப் பார்த்தா பக்கத்துல நிப்பா. எனக்கே எத்தனை தடவை உசிரு போயிட்டு வந்திருக்கு!"

இரண்டு பேரும் சிரித்தார்கள். அவள் துணி எடுத்துவந்து தரையைத் துடைத்தாள். துடைக்கிற சத்தம்கூடக் கேட்கவில்லை. அதற்கும் ஒரு சிரிப்பு வந்தது.

தெருவில் அவளுக்குப் பட்டன் அக்கா என்று பெயர். ரெடிமேட் சட்டைக் கம்பெனியிலிருந்து மூட்டையாகத் துணி வாங்கிவந்து, வீட்டில் உட்கார்ந்து காஜா எடுத்து, பட்டன் வைத்து, பிசிறு வெட்டித் திருப்பிக் கொடுப்பாள். பட்டன் நுழையும் துளையின் ஓரத்தை நூலால் நெருக்கிக் கட்டுவதுதான் காஜா. மெஷினில் போட்டால் கண்மூடித் திறப்பதற்குள் முடிகிற வேலை. அவள் கையால் எடுத்தாள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். அவள் புருஷன் மெஷின்காரர், செய்தித்தாள் அச்சகத்தில் இரவு ஷிப்டிலேயே காலம் தள்ளிவிட்டு, போன மாதம்தான் ஓய்வு பெற்று வீட்டோடு வந்து சேர்ந்தார். வந்து சேர்ந்த மனிதருக்கு வேறு பொழுது இல்லை. பெண்டாட்டி நடக்கிற நடையை ஆராய ஆரம்பித்துவிட்டார்.

பம்முவது என்பது ஒரு பொல்லாத வார்த்தை. கெட்ட வார்த்தை என்று யாரும் சொல்லமாட்டார்கள், குழந்தைகள் முன்னால்கூடத் தாராளமாகச் சொல்லலாம். ஆனால் தன்னைப் பற்றி ஒருவரும் அதைச் சொல்லிக்கொள்வதில்லை. "மெதுவாகப் போனேன்" என்போம், "யாருக்கும் தொந்தரவு வேண்டாமென்று பார்த்தேன்" என்போம். அதையே அடுத்தவன் செய்தால் பம்மினான். பாலைக் கண்ட பூனை பம்மும். வீட்டுப்பாடம் எழுதாத பையன் கடைசி வரிசையில் பம்முவான். தாமதமாக வந்த குமாஸ்தா, மேலதிகாரியின் அறையைத் தாண்டும்போது பம்முவார். எங்கே பார்த்தாலும் அதில் ஒரு குற்றம் இருக்கும், ஒரு பயம் இருக்கும், யாராவது பார்த்துவிட்டார்களா என்று ஓர் ஓரக்கண் பார்வையும் இருக்கும். ஒரு பெண்ணைப் பார்த்து "பம்முகிறாள்" என்று சொல்லிவிட்டால் போதும், "எதையோ மறைக்கிறாள்" என்று தனியாக வாய் வலிக்கச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த வார்த்தைதான் பட்டன் அக்காவை அறுத்தது. அவர் கத்தினதைப் பற்றி அவளுக்கு ஒன்றுமில்லை. ஆண்கள் ஓய்வுபெற்றால் கத்துவார்கள், அது பழகிப்போகும். ஆனால் யாருக்காகப் பம்மக் கற்றுக்கொண்டாளோ, அந்த மனிதரே நாலு பேர் முன்னால் அதைத் திருட்டுத்தனம் என்கிறார். அந்த ஒரு சொல்லை அவர் வாயாலேயே திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். வேறொன்றும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

கல்யாணமாகி வந்த புதிதில் மாடியில் இருந்தது ஒரே அறையும், அதை ஒட்டி ஓர் அடுக்களையும். விடிந்த பிறகு மெஷின்காரர் மை வாசனையோடு வருவார், சாப்பிடுவார், படுப்பார். மாலையில்தான் எழுந்திருப்பார். இரவெல்லாம் ராட்சச மெஷின் பக்கத்தில் நிற்கிற மனிதர். கண் அயர்ந்தால் விரல் போய்விடும். பக்கத்து மெஷினில் ஒருவருக்குப் போயும் இருக்கிறது. பகலில் அவர் தூங்கினால்தான் இரவில் முழு ஆளாகத் திரும்பி வருவார் என்று அவள் மனசில் பதிந்துபோயிற்று. அன்றைக்குக் குரல்வளையில் போட்ட பூட்டுதான்.

குழாயில் சொட்டும் தண்ணீருக்கு ஒரு துணி கட்டினாள். சொட்டு துணி வழியாக இறங்கி சத்தமில்லாமல் வாளிக்குள் போகும். பாத்திரம் வைக்கிற பலகையில் பழைய போர்வையை மடித்துப் போட்டாள். விசில் அடிக்கும் என்று குக்கரே வாங்கவில்லை. கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டாள், அழைப்பு மணியின் பேட்டரியைக் கழற்றி வைத்தாள். காய்கறிக்காரன் தெருமுனையில் திரும்புவது ஜன்னலில் தெரிந்தவுடன், அவன் வாயைத் திறப்பதற்குள் கீழே ஓடி, கையைக் காட்டி அடக்குவாள். இவளுக்குப் பேச்சு வராது என்றே அவன் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தான். பாவம் பார்த்து ரெண்டு தக்காளி கூடப் போடுவான். காஜாவுக்கு மெஷின் வாங்கித் தருகிறோம் என்று கம்பெனியிலேயே சொன்னார்கள். வேண்டாம் என்றாள். அடுத்த தெருவில் மெஷின் வைத்திருந்தவள் ஒரு மூட்டையை முடித்து அடுத்ததைப் பிரிக்கும்போது, இவள் பாதி மூட்டையில் இருப்பாள்.

அவர்களுக்குப் பிறந்தது ஒரே மகள். அது அழக் கற்றுக்கொண்ட கையோடு அழாமலிருக்கவும் கற்றுக்கொண்டது. தும்மல் வந்தால் தலையணையில் முகம் புதைக்கும். கோபம் வந்தால் அம்மாவைப் பார்த்துக் கண்ணை உருட்டும், அம்மாவும் கண்ணாலேயே திட்டுவாள். அம்மாவும் பெண்ணும் சத்தமில்லாமல் போட்ட சண்டைகளை எழுத்தில் எழுதினால் தாள் போதாது. பாடத்தை உதடு மட்டும் அசைத்துப் படித்தே எல்லா வகுப்பும் பாஸ் பண்ணி, பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலையும் வாங்கிவிட்டாள். ஆனால் வகுப்பில் மூன்றாவது வரிசைக்கு மேல் அவள் குரல் எட்டவில்லை. தலைமையாசிரியர் பொறுத்துப் பார்த்துவிட்டு அவளை நூலகத்துக்கு மாற்றினார். அங்கே நன்றாகத்தான் இருக்கிறாள். மாற்றல் வந்த அன்று மட்டும், "எனக்கு ஏம்மா சத்தமே வர மாட்டேங்குது?" என்று கேட்டாள். அதையும் மெதுவாகத்தான் கேட்டாள்.

இப்போது மெஷின்காரர் பகலில் தூங்குவதில்லை. குழாய்க்குக் கட்டின துணியைக்கூட அவள் அவிழ்த்துவிட்டாள். ஆனால் கால் இருக்கிறதே, அது சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

முயற்சி பண்ணாமலில்லை. அடுக்களையில் ஒரு தட்டை வேண்டுமென்றே நழுவவிட்டாள். அது தரையைத் தொடுவதற்குள் அவள் பாதம் தானாக நீண்டு தாங்கிக்கொண்டது. கட்டைவிரல் வீங்கியதுதான் மிச்சம். அறைக்குள் நுழையும் முன் இருமிப் பார்த்தாள். "நெஞ்சுச் சளியா? டாக்டரைப் போய்ப் பாரு," என்றார் அவர். வீட்டுக்குள் செருப்புப் போட்டு நடந்தாள். கொஞ்ச தூரம் டப் டப் என்று கேட்டது, பிறகு குதிகால் தானே உயர்ந்துகொண்டது. ஒரு கொலுசு வாங்கி மாட்டிக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தாள். இந்த வயதில் கொலுசு மாட்டினால் அதற்கு வேறு என்ன பெயர் வைப்பார்களோ என்று விட்டுவிட்டாள்.

அவருக்கோ சந்தேகம் நாளுக்கு நாள் முற்றியது. மெஷின் பக்கத்தில் நின்ற காது, கொஞ்சம் மந்தம். அதனால் போனில் ரகசியம் பேசினாலும் தெருவுக்கே கேட்கும்.

"உங்கம்மா எதையோ மறைக்கிறா," என்று ஒருநாள் மகளிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தார். "போன்ல யார்கிட்டயோ பேசறா, நான் வந்ததும் வெச்சுடறா. அலமாரியைத் திறக்கிறா, மூடறா, ஒண்ணும் தெரிய மாட்டேங்குது. எல்லாம் கமுக்கமா நடக்குது."

பட்டன் அக்கா மடித்த துணிகளோடு அவர் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தாள். அலமாரிக்குப் போகிற வழி அதுதான். வேறு வழி இல்லை. அவர் திரும்பினார்.

"பாத்தியா! பாத்தியா! பின்னாலயே வந்து நிக்கிறா!" என்று போனுக்குள் அலறினார்.

அன்று சாயங்காலம் அவள் மகளைப் போனில் அழைத்தாள். குசுகுசுவென்றுதான் பேச வந்தது, என்ன செய்வது? "நான் உன்கிட்ட வந்துடட்டுமா?" என்றாள்.

"வந்துடும்மா. எத்தனை தடவை சொல்லியிருக்கேன்."

"உடனே இல்ல. அவரு இன்னொரு தடவை அந்த வார்த்தையைச் சொல்லட்டும். சொன்னா வந்துடறேன்."

"நீயா ஒரு தடவை அப்பாகிட்ட நேராக் கேட்டா என்னம்மா?"

"என்னன்னு கேக்கறது? நான் திருடி இல்லைன்னா?" என்றாள் அவள். போனை வைத்தாள். ஒரு பையில் தன் துணிகளை எடுத்து வைத்தாள், மூக்குக்கண்ணாடியை வைத்தாள், ஊசிப்பெட்டியை வைத்தாள். ஓர் ஆயுசுக்கு அந்தப் பை ரொம்பச் சின்னதாக இருந்தது. அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். அதையும் சத்தமில்லாமல்தான் தள்ளினாள். யாராவது பார்த்திருந்தால், இதோ மறைக்கிறாள் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்திருந்தாள். அப்பாவும் பெண்ணும் நாற்காலிகளில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். பட்டன் அக்கா கம்பெனி ஆள் கொண்டுவந்த சட்டை மூட்டையை வாங்கக் கீழே போயிருந்தாள். மூட்டையைத் தோளில் சுமந்துகொண்டு படியேறி வந்தாள். அத்தனை கனத்தைத் தூக்கிக்கொண்டு வந்தும் ஒரு படிகூட முனகவில்லை. வாசலில் அவள் நிழல் விழுந்ததும் மெஷின்காரர் நாற்காலியிலிருந்து எகிறினார்.

"இதோ! நீயே பாரு! நான் சொன்னா நம்ப மாட்டே. எப்படிப் பம்மி வந்து நிக்கிறா பாரு!"

அவள் மூட்டையை இறக்கி வைத்தாள். நேராகக் கட்டிலுக்குப் போய், குனிந்து பையை இழுத்தாள்.

"கிளம்பலாம்," என்றாள் மகளிடம்.

மெஷின்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. "எங்க கிளம்பறே? என்ன பை இது? எப்பக் கட்டினே இதை?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

மகள் எழுந்தாள். அவள் முகம் சிவந்துவிட்டது. "அப்பா, அம்மா ஏன் இப்படி நடக்கிறான்னு உங்களுக்குத் தெரியாதா? நீங்க தூங்கணும்னுதானே? நீங்க ஓய்வு வாங்கிட்டீங்க, உடனே அம்மாவோட காலும் ஓய்வு வாங்கிடுமா? அம்மா சத்தமா நடந்து நான் பார்த்ததே இல்ல. நான் சத்தமாச் சிரிச்சு நீங்க கேட்டிருக்கீங்களா? எல்லாம் உங்க தூக்கத்துக்காக!"

"யாரு தூங்கினா?" என்றார் மெஷின்காரர்.

கோபத்தில் வாய் தவறி வந்துவிட்டது. வந்த பிறகு அதை எங்கே ஒளிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார். மந்தமான காதை ஒரு விரலால் தேய்த்துக்கொண்டார்.

"என்ன சொன்னீங்க?" என்றாள் பட்டன் அக்கா.

"தூங்கினேன். தூங்கவே இல்லைன்னு சொல்லல. ஒரு ரெண்டு மணி நேரம் தூங்குவேன். அப்புறம் வராது." அவர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "காதுக்குள்ள மெஷின் ஓடிக்கிட்டே இருக்கும். அச்சாபீசை விட்டு வந்தாலும் நிக்காது. சுத்தி ஏதாவது சத்தம் இருந்தா அது அடங்கிடும், கண்ணு சொக்கும். பஸ்ல தூங்குவேன். அச்சாபீஸ்ல ரெண்டு பதிப்புக்கு நடுவுல பேப்பர் கட்டு மேல படுத்தா கட்டை மாதிரி தூங்குவேன். வீட்டுக்கு வந்தா இங்க ஊசி விழுந்தாக் கேக்கும், அவ்வளவு அமைதி. அந்த அமைதியில காதுக்குள்ள ஓடறது ஓடிக்கிட்டே இருக்கும்."

மகள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"மழை பெஞ்சா நல்லாத் தூங்குவேன்," என்றார், அது ஒரு சமாதானம் என்பதுபோல.

"சொல்லியிருக்கலாமே அப்பா," என்றாள் மகள்.

"சொல்லணும்னுதான் இருந்தேன். வந்த புதுசு, நான் படுத்திருக்கேன், உங்கம்மா குழாய்க்குத் துணி கட்டிக்கிட்டிருக்கா. சொட்டு விழுதா விழுதான்னு குனிஞ்சு காதை வெச்சுக் கேக்கறா. அதைப் பார்த்துட்டு, இதெல்லாம் வேண்டாம், எனக்குத் தூக்கம் கெடுதுன்னு எப்படிச் சொல்றது? நாளைக்குச் சொல்லலாம்னு விட்டேன். அப்புறம் நீ பொறந்தே. தத்தித் தத்தி நடக்கிற குழந்தை, அதுவும் நுனிக்கால்ல நடக்குது. அப்பச் சொன்னா, இத்தனை நாள் ஏன் சொல்லலைன்னு கேப்பீங்க. கண்ணை மூடிக்கிட்டுக் கிடந்துட்டேன். சாயங்காலம் ஆனதும் சோம்பல் முறிச்சுக்கிட்டு எழுந்திருப்பேன். நல்லாத் தூங்கினீங்களான்னு கேப்பா. நல்லாத் தூங்கினேம்பேன்."

"அப்புறம் இப்ப ஏன் அம்மாவைப் போட்டு இந்தப் பாடு படுத்தறீங்க?"

"இன்னும் அப்படியே நடக்கிறாளே," என்றார் மெஷின்காரர். "ஒவ்வொரு தடவையும் சத்தமில்லாம வந்து நிக்கிறப்ப எனக்கு உறுத்துது. எரிச்சலா வருது. வாய்ல என்ன வருதோ அதைச் சொல்லிடறேன்."

பட்டன் அக்கா பையைக் கீழே வைத்துவிட்டுக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். வாங்காத குக்கரையும், கையால் எடுத்த காஜாக்களையும், சமைக்கும்போது கரண்டியைத் துணியால் சுற்றிப் பிடித்த நாட்களையும் அவள் நினைக்கவில்லை. அதையெல்லாம் நினைக்க ஆரம்பித்தால் எங்கே போய் முடியும்? அவளுக்கு நினைவு வந்தது ஒரே ஒரு நாள்.

"எங்கம்மா தவறிப்போன சேதி வந்துதே, அன்னிக்கு?" என்று கேட்டாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"மத்தியானம் கீழ்வீட்டுக்குப் போன் வந்துது. நான் மேல வந்தேன். இவ பள்ளிக்கூடத்துல இருந்தா. நீங்க படுத்திருந்தீங்க. இப்ப எழுப்பினா ராத்திரி ஷிப்டுக்கு என்ன ஆவீங்களோன்னு, நீங்களா எழுந்திருக்கிற வரைக்கும் இதோ இந்தச் சுவர் ஓரமா உட்கார்ந்திருந்தேன். தைக்க வந்த சட்டையைச் சுருட்டி வாய்ல வெச்சு அடைச்சுக்கிட்டேன். மூச்சு முட்டிப்போச்சு. நீங்க எழுந்ததும் தேநீர் கொடுத்துட்டுத்தான் விஷயத்தையே சொன்னேன். ஐயோ எப்பன்னு கேட்டீங்க."

"ஆமா."

"அன்னிக்குத் தூங்கினீங்களா?"

மெஷின்காரர் பொய் சொல்லியிருக்கலாம். வருஷக்கணக்காகச் சொன்னவருக்கு இன்னும் ஒன்று பாரமா? என்னவோ, இந்தத் தடவை அவரால் முடியவில்லை.

"முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்," என்றார்.

"பாத்தீங்களா?"

"பாத்தேன். நீ தலை நிமிர்ந்தப்போ கண்ணை மூடிக்கிட்டேன்."

"எழுந்து வந்திருக்கலாமே," என்றாள் அவள்.

 அவர் குரல் உடைந்துவிட்டது. "எனக்காக நீ அவ்வளவு அடக்கிக்கிட்டு உட்கார்ந்திருந்தே. நான் எழுந்து வந்தா, நான்தான் இவரை எழுப்பிட்டேன்னு நீ அதுக்கும் சேர்த்து அழுவியோன்னு நினைச்சேன். தப்புத்தான். பம்மினது நான்தான். நீ இல்ல."

அவள் கேட்கக் காத்திருந்த வார்த்தை கடைசியில் அவர் வாயாலேயே வந்துவிட்டது. ஆனால் பட்டன் அக்கா அதைக் காதில் வாங்கினாளா என்பதே சந்தேகம். அவள் சுவரோரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளுக்கு அழுகை வந்தது. முதலில் கை பழக்கத்தில் வாய்க்குப் போனது. மகள் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள், இறக்கிவிட்டு விடாமல் பிடித்துக்கொண்டாள். அடிவயிற்றிலிருந்து, அந்த மாடி வீடு அதுவரை கேட்டிராத ஒரு குரல் எழும்பி வந்தது. "அம்மா, அம்மா" என்று அவள் கதறினாள். மெஷின்காரர் எழுந்து வந்து பக்கத்தில் நின்றார். எங்கே தொடுவது என்று தெரியாமல் நின்றார்.

கீழ்வீட்டு அம்மா போட்டது போட்டபடி மூச்சிரைக்கப் படியேறி ஓடிவந்தாள்.

"என்ன ஆச்சு? யாருக்கு என்ன ஆச்சு?"

மகள் அம்மாவின் கையை விடவில்லை.

"எங்க பாட்டி இறந்துட்டாங்க," என்றாள்.